ஞாயிற்றுக்கிழமை ஏரியும் திங்கட்கிழமை ஏரியும்

சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை. தாம்பரத்தை அடுத்துள்ள இந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் 'ஏரி' என்ற சொல் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் இந்த ஏரிகளின் கீழே நெல் விளைந்தது. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன. வயலுக்குத் தண்ணீர் விட்ட மதகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மதகைக் காத்த ஊராருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பாசனம் நின்ற ஏரி, குப்பை கொட்டவும் சாக்கடை விடவும் வசதியான ஒரு பள்ளமாக மாறியது.

இந்தப் பள்ளங்களை மறுபடியும் ஏரிகளாக்க வேண்டும் என்று தொண்டர்கள் பலர் முன்வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணவர்களும், அலுவலகம் செல்வோரும், ஓய்வு பெற்ற பெரியவர்களும் கையுறையும் சாக்குப் பையுமாகக் கரைக்கு வருகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார்கள், ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கூலி இல்லை, கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட வேலையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆயினும் வாசகர்களே, ஒரு நூலையும் நாடகத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது போல ஒரு பொதுத் தொண்டையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நல்ல எண்ணம் இருக்கிறதா என்பது நம் கேள்வி அன்று. அது நிறையவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை செலவான உழைப்பில், திங்கட்கிழமை ஏரியில் எவ்வளவு மிஞ்சுகிறது? இதுவே விஞ்ஞானம் கேட்கும் கேள்வி.

சிட்லபாக்கம் காட்டிய வழி

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டன. அந்த ஆண்டு சிட்லபாக்கத்து மக்கள், வற்றிக் கிடந்த தங்கள் ஏரிக்குள் தாங்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். அந்த ஏரியின் ஒரு பகுதி பல ஆண்டுகளாகக் குப்பைக் கிடங்காகவே இருந்து வந்தது. வார விடுமுறை நாட்களில் மக்கள் இறங்கி வேலை செய்யும் செய்தி பரவியது. அதே ஆண்டில் அந்த ஏரியைச் சீரமைக்கத் தமிழக அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இதில் மெய்யான சாதனை எது? மண்வெட்டியால் அள்ளிய மண்ணின் அளவு அன்று. பொக்லைன் எந்திரம் ஒன்று சில மணி நேரத்தில் அதைவிட அதிகம் அள்ளிவிடும். ஊராரின் கவனம் ஓர் இடத்தில் விடாமல் நிலைத்து நின்றதுதான் சாதனை. அந்தக் கவனம் அலுவலகக் கோப்புகளை நகர்த்தியது. ஆகவே தொண்டின் பயனைச் சாக்குப் பைகளின் எண்ணிக்கையால் அளந்தால் கணக்குத் தப்பிவிடும்.

சரியான கணக்கு எப்படி இருக்கும்? நாமே ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

ஓர் எளிய கணக்கு

ஆகாயத்தாமரை ஏரியை மூடுவதற்குக் காரணம் அதன் ஆசை அன்று. அதற்குக் கிடைக்கும் உணவு. நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்த கழிவுநீர்தான் அந்த உணவு. அந்தச் செடியில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு தண்ணீர். ஆகவே ஒரு டன் பச்சைச் செடியைக் கரையேற்றினால் அதில் உலர்ந்த பொருள் 50 கிலோதான் இருக்கும். உலர்ந்த பொருளில் பாஸ்பரஸ் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் சற்றுக் குறைவு. 0.4 என்று கொள்வோம். அப்படியானால் ஒரு டன் செடியோடு ஏரியை விட்டு வெளியேறும் பாஸ்பரஸ் 200 கிராம்.

ஒரு மனிதரின் உடற்கழிவில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஏரியைச் சுற்றி 1,000 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு 4 கிலோ. தொண்டர்கள் ஒரு காலையில் பாடுபட்டு 10 டன் செடியை அகற்றினார்கள் என்றால், அவர்கள் வெளியேற்றிய பாஸ்பரஸ் 2 கிலோ. அதாவது அந்த ஆயிரம் வீடுகளின் 12 மணி நேரக் கழிவு. காலை பத்து மணிக்கு முடித்த வேலையை அன்று இரவு பத்து மணிக்குள் நம் குளியலறைகளும் கழிப்பறைகளும் அழித்துவிடுகின்றன. எல்லாக் கழிவும் ஏரிக்கு வருவதில்லை, பாதி மலக்குழியிலும் மண்ணிலும் தங்கிவிடுகிறது என்று விட்டுக்கொடுத்தாலும், திங்கட்கிழமை காலை வரைதான் அந்த உழைப்பு தாங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் உணவும் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் ஆகாயத்தாமரை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரு மடங்காகிறது. பத்தில் ஒன்பது பங்கை அகற்றி ஒரு பங்கை விட்டுவிட்டால், அந்த ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஒன்றரை மாதத்தில் பழைய பத்தை எட்டிவிடும். சேற்றில் கிடக்கும் விதைகளோ பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

அப்படியானால் செடியை அகற்றவே கூடாதா? அகற்றலாம், அகற்றத்தான் வேண்டும். ஆனால் கழிவுநீர் நுழையும் வாயைக் கவனிக்காமல் செடியை மட்டும் அகற்றுவது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம். செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த், சென்னை ஐ.ஐ.டி. ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த சீரமைப்புத் திட்டத்தில், ஏரிக்குள் வரும் கழிவுநீரை இயற்கை முறையில் தெளிய வைப்பதும் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது இக்காரணம் பற்றியே. அதைப் படம் பிடித்துக் காட்டுவது கடினம். ஆனால் ஏரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குதிரைக்காரர்களின் கணக்கு

இனி, இதே கேள்வியை வேறொரு நாட்டில் வேறு விதமாகச் சந்தித்தவர்களைப் பார்ப்போம். அவர்கள் ஏரிக்காரர்கள் அல்லர், குதிரைக்காரர்கள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிளாட்ஹெட் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அதைச் சுற்றியுள்ள மலைக்காடுகள் பொதுச் சொத்து. குதிரையேறிக் காட்டுக்குள் சென்று கூடாரம் அடித்துத் தங்குவது அங்கே பழைய வழக்கம். ஆனால் குதிரை இலேசான பிராணி அன்று. ஏறுபவரோடு சேர்ந்து ஏறத்தாழ அரை டன் எடை நான்கு சிறு குளம்புகளின் வழியே மண்ணில் இறங்குகிறது. ஒரு சதுர அங்குல மண்ணின் மேல் அது தரும் அழுத்தம் மனிதப் பாதம் தருவதைவிடப் பல மடங்கு. மண் இறுகுகிறது, பாதை ஓரம் உடைகிறது, மழை வந்தால் பாதையே ஓடையாகிறது. மரத்தில் கட்டிய குதிரை, வேரடியைக் காலால் கிளறி மரத்தைப் பட்டுப்போகச் செய்கிறது. தின்ற வைக்கோலில் இருந்த களைவிதை சாணத்தோடு காட்டில் முளைக்கிறது.

இந்தச் சேதங்களைக் கண்ட வனத்துறை, காட்டுக்குள் குதிரைகளைக் கட்டுப்படுத்த எண்ணியது. 1973இல் அந்தப் பள்ளத்தாக்கின் குதிரைக்காரர்கள் சிலர் கூடி 'பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். எங்கள் உரிமையில் கை வைக்காதே என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால், அது இன்னொரு சங்கமாகவே முடிந்திருக்கும். தங்கள் குதிரைகள் காட்டுக்குச் செய்யும் சேதத்தைக் குறைக்கும் முறைகளைத் தாங்களே கற்று, பிறருக்கும் கற்பித்தார்கள். குதிரையை மரத்தடியில் கட்டாமல், இரண்டு மரங்களுக்கு இடையே பட்டையைக் காயப்படுத்தாத அகன்ற வார் கொண்டு உயரமாகக் கயிறு கட்டி, அதில் பிணைக்கும் முறை அவற்றுள் ஒன்று. களைவிதை இல்லாத தீவனத்தையே கொண்டுபோவது மற்றொன்று.

பிறகு பாதைகளைப் பராமரிக்கும் வேலையிலும் இறங்கினார்கள். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி அங்கே பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளுக்குள் மோட்டார் வாகனமும் மோட்டார் ரம்பமும் பொதுவாகக் கூடா. விழுந்த மரத்தை இருவர் இழுக்கும் கைரம்பத்தால் அறுத்து அகற்ற வேண்டும். பாலத்துக்கு வேண்டிய பலகையையும், வேலைக்காரர்களின் உணவையும், கருவிகளையும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் ஏற்றிப் போக முடியும். இந்த வேலைக்குக் குதிரைக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்? மழைநீர் பாதை நெடுக ஓடாமல் பக்கவாட்டில் வடிய, குறுக்கே கட்டையும் கல்லும் பதிக்கிறார்கள். உறுப்பினர் உழைத்த மணி நேரங்களைக் கணக்கெழுதி ஆண்டுதோறும் தொகுக்கிறார்கள். அச்சங்கம் இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது.

இதில் தன்னலம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காட்டில் குதிரை ஓட்டும் உரிமை போய்விடக் கூடாது என்பதே அவர்களின் முதல் கவலை. அவர்களது பராமரிப்பால் குதிரையின் சேதம் மறைந்துவிடவும் இல்லை. அதே மொன்டானாவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வுகள், நடந்து செல்பவரைவிடக் குதிரை செடிகளுக்கும் பாதை மண்ணுக்கும் அதிகச் சேதம் செய்வதை அளந்து காட்டின. பாதையைச் செப்பனிடும் புண்ணியம் அந்தப் பாவத்தைக் கழித்துவிடும் என்று சொல்ல முடியாது. இந்தக் குறையையும் அவர்கள் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

எனினும் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் பிறர் போட்ட குப்பையிலிருந்து தொண்டைத் தொடங்கவில்லை. தங்கள் குதிரையின் குளம்பிலிருந்து தொடங்கினார்கள்.

நம் குளம்பு எது?

இது நமக்குப் புதிய பாடம் அன்று. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 920ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏரியைக் கவனிக்க ஊரார் குடவோலை முறையில் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருக்கு நெருங்கிய உறவினரும் மறுபடி உறுப்பினராக முடியாது என்பது விதி. அங்கே நல்லெண்ணத்தோடு கணக்கும் கேட்கப்பட்டது.

பிற்காலத்தில் குடிமராமத்து என்று வழங்கியதும் இத்தகைய ஏற்பாடே. ஏரித் தண்ணீரைப் பயன்படுத்தியவரே கரையையும் கால்வாயையும் பழுதுபார்க்க வேண்டும். வெள்ளையர் ஆட்சி 1858இல் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பழைய ஏற்பாட்டின் உயிர், பயன்படுத்துபவரும் பராமரிப்பவரும் ஒருவராகவே இருந்ததில் இருந்தது. தன் வயல் காயும் என்ற அச்சமே அவரை மண்வெட்டி எடுக்க வைத்தது.

இன்று வயல் இல்லை. ஆகவே ஏரியைப் பயன்படுத்துபவரும் இல்லை என்று நினைக்கிறோம். அது தவறு. ஏரியில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்குவதால்தான் சுற்றுப்புறத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீர் ஊறுகிறது. மோட்டார் போட்டு அதை எடுப்பவர் ஏரியைப் பயன்படுத்துகிறார். தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வராத இடத்தில், வீட்டுக் கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் இரகசியமாகச் சேர்த்தவரும் ஏரியைப் பயன்படுத்துகிறார். வரத்துக்கால்வாயின் மேல் படிக்கட்டுக் கட்டியவரும் அப்படியே. நம் குளம்புகள் இவைதாம்.

இது சிறு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். சிட்லபாக்கத்தில் மிஞ்சிய நீர் செம்பாக்கத்துக்குப் போகிறது; அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டு உலகக் கவனம் பெற்ற சதுப்பு நிலம் அது. 1,247 ஹெக்டேர் பரப்புள்ளது. மேலே ஒரு வீட்டில் திறந்த குழாய் அங்கே போய்ச் சேர்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அன்று ஒவ்வோர் ஏக்கரிலும் விழுந்த நீர் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் வீடுகள் மூழ்கியதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நீருக்கு இடம் கொடுக்க ஏரியும், வழிவிடக் கால்வாயும் வேண்டும். அடைபட்ட கால்வாயின் விலையைப் பள்ளத்தில் இருப்பவர்தான் கொடுக்கிறார்.

தொண்டே தீங்காகும் இடம்

நம் தொண்டர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. சுத்தம் என்றால் எல்லாவற்றையும் வழித்தெடுப்பது என்ற எண்ணம். ஏரி ஓரத்துச் சம்பும் கோரையும் ஆகாயத்தாமரையைப் போன்றவை அல்ல. அவை வேரால் சேற்றைப் பிடித்து, கழிவுநீரைத் தெளிய வைத்து, நீர்க்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் கூடு கட்ட இடம் தருகின்றன. ஓரத்தில் முழங்கால் அளவுக்கும் குறைவான நீர் இருந்தால்தான் கொக்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் நின்று இரை தேட முடியும். ஏரியை ஒரே ஆழமாக வெட்டி, கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்து, மேலே நடைபாதை போட்டால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தொட்டி, ஏரி அன்று.

மரக்கன்று நடுவதும் எல்லா இடத்திலும் நன்மை அன்று. நன்மங்கலம் காப்புக்காடு ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புள்ள புதர்க்காடு. களா, காரை போன்ற முட்செடிகளும் புல்வெளியும் கைவிடப்பட்ட கற்குவாரியும் அதன் செல்வம். குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு கட்டுகிறது. இதைக் 'காலி நிலம்' என்று எண்ணி நிழல் மரங்களால் நிரப்பினால், அங்கே இருக்கும் காட்டை அழித்துப் புதிதாக ஒரு தோப்பு வைத்ததாகவே முடியும். நடுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்பதே தொண்டின் முதல் வேலை.

அளந்து பாருங்கள்

அப்படியானால் மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஏரி வேண்டாம். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போய் அளவெடுங்கள்.

20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் கால்வட்டங்களாக மாற்றி மாற்றிப் பூசி, அளவு குறித்த கயிற்றில் கட்டி நீரில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் தட்டுக் கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் கடல் நீரின் தெளிவை அளந்த முறை இது. செலவு மிகக் குறைவு. கரையில் உறுதியான இடத்தில் பெரியவர் ஒருவரோடு நின்று செய்யுங்கள். சாக்கடை கலந்த நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் அப்படித்தான் தொற்றுகின்றன.

பறவைகளை எண்ணுங்கள். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதில் உங்கள் ஏரியின் கணக்கையும் சேர்க்கலாம். மழைக்காலம் வரும் முன் வரத்துக்கால்வாயின் ஓரமாக மேல்நோக்கி நடந்து போங்கள். எங்கே குழாய் திறக்கிறது, எங்கே அடைப்பு என்று வரைபடம் போட்டுத் தேதியோடு எழுதுங்கள். மழை இல்லாத நாளிலும் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால் அது மழைநீர் அன்று. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கியது. ஏரித் தொடரின் பல கண்ணிகள் இன்று ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. பன்னிரண்டு மாத அளவுகளைத் தாங்கிய ஒரு குறிப்பேட்டோடு போய்க் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அந்த நிர்வாகத்துக்கு எளிதன்று.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதை யாரும் நிறுத்த வேண்டாம். போவதற்கு முன், சனிக்கிழமை மாலையில், உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்காது. விடையைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகு மண்வெட்டியைக் கையில் எடுங்கள்.